முதல் கூட்டத்தொடருக்கு வரும் புதிய எம்.பி.க்கு: பின்வரிசையில் இருந்து வேலை வாங்குவது எப்படி?

டெல்லி சாணக்கியபுரியில் உள்ள தமிழ்நாடு இல்லத்தின் வரவேற்பறையில் மக்களவைத் தேர்தல் முடிந்த கையோடு ஒவ்வொரு முறையும் ஒரே காட்சியைப் பார்க்கலாம். புது வேட்டி கசங்காமல் ஒருவர் வந்து இறங்குவார். கூடவே ஊரிலிருந்து ஐந்தாறு பேர். பெட்டியை வைத்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "நான் எப்பப் பேசலாம்?"

டெல்லியில் தமிழ் எம்.பி.க்களின் அலுவலகங்களில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். வெவ்வேறு கட்சிக்காரர்களிடம் இருந்திருக்கிறேன். அவர்கள் எல்லோருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: பேசுவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், அரசிடமிருந்து எழுத்தில் எதை வாங்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 543 பேர் இருக்கும் அவையில் பின்வரிசைக்காரருக்குக் கிடைக்கும் பேச்சு நேரம் மூன்று நிமிடம், நல்ல நாளில் ஐந்து நிமிடம். ஆனால் ஒரு அமைச்சகத்தைப் பதில் எழுத வைக்கும் அதிகாரம் முன்வரிசைக்காரருக்கு எவ்வளவு உண்டோ, அவ்வளவு உங்களுக்கும் உண்டு. இந்த வழிகாட்டி அந்த அதிகாரத்தைப் பற்றியது. எம்.பி.க்கு மட்டுமல்ல, அவருக்கு உதவியாளராக டெல்லிக்கு வரும் தம்பி தங்கைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் படி: சான்றிதழ், உறுதிமொழி, இருக்கை

தேர்தல் நடத்தும் அலுவலர் கொடுத்த வெற்றிச் சான்றிதழின் அசலை நீங்களே கையில் வைத்திருங்கள். பிரசாரப் பையிலோ ஊர்க்காரர் ஒருவரின் பெட்டியிலோ அது இருக்கக் கூடாது. மக்களவைச் செயலகத்தில் முதலில் கேட்கப்படுவது அதைத்தான்.

உறுதிமொழி எடுக்காமல் அவையில் உட்கார்ந்தாலோ வாக்களித்தாலோ நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்று அரசியல் சட்டத்தின் 104-வது பிரிவு சொல்கிறது. தமிழில் உறுதிமொழி எடுக்கலாம். கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். எது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாசகத்தை இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படித்துவிட்டுப் போங்கள். 2024-ல் பலர் உறுதிமொழியோடு முழக்கங்களையும் சேர்த்துச் சொன்னது பெரிய சர்ச்சையானது. அதே ஆண்டு ஜூலையில், வாசகத்துக்கு முன்னும் பின்னும் எதையும் சேர்க்கக் கூடாது என்று சபாநாயகரின் வழிகாட்டுதல்களில் திருத்தம் வந்துவிட்டது. தலைவர்களுக்கு நன்றி சொல்ல வெளியே நிறைய மைக்குகள் இருக்கின்றன.

உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் சபாநாயகர் இருக்கையை நோக்கித் தலை வணங்குவது, பேசிக்கொண்டிருப்பவருக்கும் சபாநாயகருக்கும் குறுக்கே நடக்காமல் இருப்பது, எதைச் சொன்னாலும் சபாநாயகரை நோக்கியே சொல்வது எல்லாம் முதல் நாளிலேயே பழக்கமாகிவிட வேண்டும். வருகைப் பதிவையும் மறக்காதீர்கள். பதிவு இல்லாத நாளுக்குத் தினப்படி கிடையாது. அனுமதி பெறாமல் அவைக் கூட்டங்களுக்கு 60 நாள் வராமல் இருந்தால் உங்கள் இடம் காலியானதாக அவை அறிவிக்கலாம்.

இரண்டாம் படி: புல்லட்டினை நாளிதழ் போலப் படியுங்கள்

மக்களவைச் செயலகம் உறுப்பினர்களுக்காக வெளியிடும் அறிவிப்புத் தாள்தான் புல்லட்டின். அவையில் நடந்ததைச் சொல்வது அதன் முதல் பகுதி. இனி நடக்கப் போவதையும் உறுப்பினர்கள் செய்ய வேண்டியதையும் சொல்வது இரண்டாம் பகுதி. புதியவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் பகுதியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எந்த அமைச்சகம் எந்தக் கிழமையில் பதில் சொல்லும், அந்தத் தேதிக்கான கேள்வியை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும், கேள்விகளைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கல் என்றைக்கு என்று ஒரு அட்டவணை வரும். அதை அச்சிட்டு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். நார்த் அவென்யூ குடியிருப்பில் நான் வேலை பார்த்த அறையில் தலைவர் படத்துக்குக் கீழே அந்த அட்டவணைதான் தொங்கியது.

கேள்வி கேட்க முழுமையாக 15 நாள் அவகாசம் வைத்து நோட்டீஸ் (முன்னறிவிப்பு) கொடுக்க வேண்டும். 'முழுமையாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். நோட்டீஸ் கொடுத்த நாளும் பதில் வரும் நாளும் கணக்கில் சேராது. ஆரம்பத்தில் நான் இதைத் தவறாக எண்ணி, ஒரு அமைச்சகத்துக்கான ஒரு வாரத்து வாய்ப்பு முழுவதையும் கெடுத்திருக்கிறேன். இதில் இன்னொரு விளைவும் இருக்கிறது. முதல் இரண்டு வாரங்களுக்கான கேள்விகளைக் கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே அனுப்பியிருக்க வேண்டும். கூட்டம் ஆரம்பித்த பிறகு யோசிக்கலாம் என்று இருப்பவருக்குப் பாதிக் கூட்டத்தொடர் கையை விட்டுப் போய்விடும்.

மூன்றாம் படி: மூன்றே மூன்று விஷயங்கள்

இது விதிப் புத்தகத்தில் இல்லை, என் அனுபவம். எல்லாத் துறைகளிலும் கேள்வி கேட்கும் எம்.பி.யின் கணக்கில் எண்ணிக்கை ஏறும், ஆனால் எந்த அமைச்சகமும் அவரை நினைவில் வைத்துக்கொள்ளாது. தொகுதிக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, நாடு முழுவதற்கும் ஒன்று என்று மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, உங்கள் ஊர் ரயில்வே மேம்பாலம், மீனவர் கைது, பி.எஃப். ஓய்வூதியம். இந்த மூன்றையும் ஐந்து வருடம் விடாதீர்கள். ஒரே அதிகாரி உங்களுக்கு மூன்றாவது முறை பதில் எழுதும்போது முந்தைய இரண்டு பதில்களையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுவார். நிலைமை மாறத் தொடங்கும் இடம் அதுதான்.

நான்காம் படி: கேள்வியை எழுதுவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பின்வரிசை எம்.பி.யின் வேலையில் பாதி இதுதான்.

கேள்விகளில் முக்கியமானவை இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரம் இல்லாத கேள்விக்கு எழுத்தில் மட்டும் பதில் வரும். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்விகள் 20, மற்றவை 230. ஒரு உறுப்பினர் ஒரு நாளுக்கு ஐந்து நோட்டீஸ் வரை கொடுக்கலாம். பட்டியலில் அவர் பெயரில் ஒரு நட்சத்திரக் கேள்விதான் வரும். யாருக்கு இடம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. முதல் முறை எம்.பி., ஆறு முறை எம்.பி. என்ற வேறுபாடு குலுக்கலுக்குத் தெரியாது. ஆகவே வாய்ப்புள்ள ஒவ்வொரு நாளும் ஐந்தையும் போட்டுவிடுங்கள்.

நோட்டீஸ் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், கிண்டல், குற்றச்சாட்டு, அடைமொழி எதுவும் கூடாது. கருத்துக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் விஷயமும் மாநில அரசின் பொறுப்பில் மட்டும் உள்ள விஷயமும் பொதுவாகத் தள்ளுபடியாகும். எளிதில் கிடைக்கும் ஆவணங்களில் ஏற்கெனவே உள்ள தகவலைக் கேட்டாலும் அதே கதிதான்.

எனக்குக் கேள்வி எழுதச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி. ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்க நூலகத்தில் பழக்கமானவர். நான் கோபமாக எழுதிக்கொண்டு போன ஒரு கேள்வியைப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "தம்பி, இதுக்கு நானே ரெண்டு நிமிஷத்துல பதில் எழுதிடுவேன். கோபத்தைக் காட்டாதே, தேதியைக் கேளு" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் இதுதான். ரயில்வே கேட்டில் தினமும் அரை மணி நேரம் காத்துக் கிடக்கும் ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். மேம்பாலத்துக்கு அனுமதி கிடைத்து வருடங்கள் ஆகிவிட்டன, தூண்கள் மட்டும் நிற்கின்றன. புதிய எம்.பி. எழுதும் கேள்வி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"எங்கள் தொகுதி மக்கள் ரயில்வே கேட்டில் பல ஆண்டுகளாக அவதிப்படுவதில் அரசு அலட்சியமாக இருக்கிறதா? ஆம் எனில், காரணம் என்ன?"

வரும் பதில்: "இல்லை. இரண்டாவது கேள்வி எழவில்லை." இரண்டே வரி, முடிந்தது. இனி இதையே வேறு மாதிரி எழுதிப் பாருங்கள்:

"ரயில்வே அமைச்சர் கீழ்க்கண்டவற்றைத் தெரிவிப்பாரா:
(அ) குறிப்பிட்ட ரயில்வே கடவுக்கு மாற்றாக மேம்பாலம் கட்ட அனுமதி வழங்கப்பட்ட தேதி, அனுமதிக்கப்பட்ட தொகை;
(ஆ) இதுவரை ஆண்டுவாரியாக ஒதுக்கப்பட்ட தொகை, செலவான தொகை, ரயில்வே பகுதியிலும் அணுகுசாலைப் பகுதியிலும் தனித்தனியாக முடிந்த பணி;
(இ) மாநில அரசிடம் நிலுவையில் உள்ளவை எவை, அவை குறித்து ரயில்வே எந்தெந்தத் தேதிகளில் கடிதம் எழுதியது, பதில்கள் எந்தத் தேதிகளில் வந்தன;
(ஈ) பணியை முடிக்கக் கெடு நிர்ணயிக்கப்பட்டுள்ளதா. ஆம் எனில் விவரம், இல்லை எனில் காரணம்?"

கடவு எண், ரயில் நிலையங்களின் பெயர், மாவட்டம் எல்லாம் துல்லியமாக இருக்க வேண்டும். (இ) பகுதிதான் இதில் உயிர். மேம்பாலம் என்றாலே ரயில்வே மாநில அரசைக் கைகாட்டும், மாநில அரசு ரயில்வேயைக் கைகாட்டும். நிலம் எடுத்துக் கொடுப்பது மாநிலத்தின் வேலை என்பதால் அதில் ஓரளவு நியாயமும் இருக்கும். கடிதத் தேதிகளைக் கேட்டுவிட்டால் பந்து யாருடைய மைதானத்தில் எத்தனை மாதம் கிடந்தது என்பது ஒரே தாளில் வந்துவிடும். அந்தத் தாளோடு மாவட்ட ஆட்சியரைப் பார்க்கும்போது நடக்கும் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

இப்படிப்பட்ட உள்ளூர்க் கேள்வியை நட்சத்திரம் இல்லாத வகையிலேயே கொடுங்கள், எழுத்தில் விவரம் வந்தால் போதும். நட்சத்திரத்தைப் பெரிய கொள்கை விஷயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கேள்வி அனுப்பும் இணையதளத்தின் கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள், உதவியாளரிடமும்தான். நாங்கள் வரைவு எழுதித் தருவோம், அனுப்பும் பொத்தானை நீங்கள்தான் அழுத்த வேண்டும். உள்நுழைவு விவரங்களை வெளியாளிடம் பகிர்ந்ததாக எழுந்த விவகாரத்தில் 2023 டிசம்பரில் ஒரு மக்களவை உறுப்பினர் பதவி இழந்தார். அதற்கு முன்பு 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் இரு அவைகளிலும் சேர்த்து 11 பேர் வெளியேற்றப்பட்டார்கள். யாராவது "கேள்வி நாங்களே எழுதித் தர்றோம், நீங்க போட்டா மட்டும் போதும்" என்று வந்தால், அந்தக் கேள்வியால் யாருக்கு லாபம் என்று ஒரு மணி நேரம் யோசியுங்கள்.

ஐந்தாம் படி: உங்கள் பெயர் அழைக்கப்படும் அந்தக் காலை

நட்சத்திரக் கேள்வி குலுக்கலில் விழுந்துவிட்டது, வரிசையிலும் முதல் ஐந்துக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் 20 இருந்தாலும் பல நாள்களில் ஏழெட்டைத் தாண்டுவதற்குள் மணி 12 ஆகிவிடும். ஆகவே உங்களுக்குக் கிடைத்திருப்பது பெரிய வாய்ப்பு.

குளிர்காலக் கூட்டத்தொடர் என்றால் முதல் நாளே டெல்லிக்கு வந்துவிடுங்கள். டிசம்பரில் ஒரு திங்கள்கிழமை நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் எம்.பி. ஞாயிறு இரவு ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, திங்கள் அதிகாலை சென்னையில் விமானம் ஏறினார். டெல்லியில் மூடுபனி, விமானம் இறங்க முடியாமல் வட்டமடித்தது. 11 மணிக்குக் கேள்வி நேரம் தொடங்கியது. அலுவலகத் தொலைக்காட்சியில் அவர் பெயர் அழைக்கப்படுவதைக் கேட்டேன், காலி இருக்கையையும் பார்த்தேன். நான்கு மாதம் சேகரித்த விவரங்கள் என் மேஜை மேல் கிடந்தன. அவர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். அதன்பிறகு கூட்டத்தொடர் முடியும்வரை ஞாயிறு இரவு எந்தக் கல்யாணத்துக்கும் அவர் போகவில்லை.

அமைச்சரின் எழுத்துப் பதில் அவை கூடுவதற்கு முன்பே உங்களுக்குக் கிடைத்துவிடும். அதை வரிவரியாகப் படித்து, எது சொல்லப்படவில்லை என்று பாருங்கள். கேட்டவருக்கு வழக்கமாக இரண்டு துணைக் கேள்விகள். முதலாவது பதிலில் உள்ள எண்ணைப் பிடித்துக் கேட்பதாக இருக்கட்டும், இரண்டாவது தேதியோ உறுதியோ வாங்குவதாக இருக்கட்டும். முன்னுரை வேண்டாம். "எங்கள் தலைவர் வழியில்..." என்று தொடங்கினால் சபாநாயகர் "கேள்விக்கு வாருங்கள்" என்பார், உங்கள் 30 விநாடி அதிலேயே கரைந்துவிடும்.

ஆறாம் படி: நேரமில்லா நேரமும் விதி 377-ம்

12 மணிக்குப் பிறகு வரும் நேரமில்லா நேரம் (ஜீரோ ஹவர்) விதிப் புத்தகத்தில் இல்லாத, நடைமுறையில் வளர்ந்த வாய்ப்பு. அவசர விஷயத்தை ஓரிரு நிமிடத்தில் சொல்லலாம். அவை கூடும் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், குலுக்கல் உண்டு. குலுக்கலில் வராதவர்களையும் சபாநாயகர் விரும்பினால் அனுமதிக்கலாம். 2019 ஜூலையில் ஒரே நாளில் 160-க்கும் மேற்பட்டவர்கள் பேசியிருக்கிறார்கள். ஆக, பெயர் வரவில்லை என்று எழுந்து போய்விடாதீர்கள். கடைசிவரை இருக்கையில் இருப்பவருக்குத்தான் இந்த அதிர்ஷ்டம்.

மக்களவை விதி 377-ன் கீழ் ஒரு விஷயத்தை எழுப்புவது வேறு வகை. 250 சொற்களுக்குள் எழுதி ஒப்புதல் வாங்கி, அதே வாசகத்தைப் படிக்க வேண்டும். பல நாள்களில் படிக்கக்கூட நேரம் இருக்காது, அவையில் வைக்கப்பட்டதாக எடுத்துக்கொள்வார்கள். படிக்க முடியவில்லையே என்று சிலர் வருத்தப்படுவார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. 377-ல் எழுப்பிய விஷயத்துக்கு அமைச்சகம் உங்களுக்குக் கடிதம் எழுதியாக வேண்டும், அந்தக் கடிதம்தான் நமக்கு வேண்டியது. நேரமில்லா நேரப் பேச்சு வீடியோவாக ஊரெல்லாம் சுற்றும், 377-க்கு வரும் கடிதம் கோப்பில் கிடக்கும். இரண்டும் தேவை. எது எதற்கு என்று தெரிந்திருந்தால் சரி.

ஏழாம் படி: தமிழில் பேசுவது

தமிழில் பேசலாம், பேச வேண்டும் என்றே நான் சொல்வேன். உரையை மொழிபெயர்ப்பாளர்கள் அவ்வப்போதே மாற்றிச் சொல்ல, மற்றவர்கள் காதில் மாட்டிக் கேட்பார்கள். தமிழில் பேசப் போவதை, அவையின் மேஜையில் அமர்ந்திருக்கும் செயலக அதிகாரிகளிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். உரையின் நகல் ஒன்று மொழிபெயர்ப்பாளர்களுக்குப் போய்ச் சேரட்டும்.

மேடைத் தமிழ் இங்கே எடுபடாது. அடுக்குமொழியும் எதுகை மோனையும் மொழிபெயர்ப்பில் அப்படியே உதிர்ந்துவிடும். எதிரே இருக்கும் அமைச்சருக்குப் போய்ச் சேருவது ஒரு மெலிந்த வாக்கியம்தான். வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். எண்ணைச் சொல்லும்போது நிறுத்திச் சொல்லுங்கள். "முந்நூற்று நாற்பத்தேழு கோடி" என்று வேகமாக ஓடினால் கோடி போய் லட்சம் வந்து நிற்கும். அமைச்சர் பதில் சொல்லும்போது காதில் கருவியை மாட்டியிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதை மறந்து, பதில் முடிந்ததும் பக்கத்து இருக்கையில் "என்ன சொன்னாரு?" என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் உரையின்போது யாரும் குறுக்கிடுவதில்லை என்பது நல்ல மரபு. குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் விவாதமோ பட்ஜெட் விவாதமோ அதற்கு ஏற்ற இடம், எந்த விஷயத்தையும் தொடலாம். நேரம் கட்சிக்குக் கட்சி எண்ணிக்கைப்படி பிரிக்கப்படும், பெயர்ப் பட்டியலை உங்கள் கொறடா கொடுப்பார். அவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அவையில் இல்லாத ஒருவர் மேல் குற்றம் சொல்லாதீர்கள். குற்றச்சாட்டு வைப்பதானால் சபாநாயகருக்கும் உரிய அமைச்சருக்கும் முன்னறிவிப்பு வேண்டும் என்று விதி 353 சொல்கிறது. இல்லையென்றால் அவைக் குறிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். பேசி முடித்த பிறகு வரும், உங்கள் உரையின் திருத்தப்படாத பிரதியைப் படித்துப் பிழைகளைத் திருத்திக் கொடுங்கள். ஊர்ப் பெயர்கள் அதில் படும் பாட்டைச் சொல்லி மாளாது.

எட்டாம் படி: நிலைக்குழு, கேமரா இல்லாத நாடாளுமன்றம்

துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. நீங்களும் ஏதோ ஒன்றில் இருப்பீர்கள். கட்சி உங்கள் விருப்பத்தைக் கேட்கும்போது பெயர் பெரிதாக இருக்கும் குழுவைத் தேடிப் போகாதீர்கள். உங்கள் மூன்று விஷயங்களில் ஒன்று எங்கே வருகிறதோ, அந்தக் குழுவைக் கேளுங்கள்.

அவையில் கிடைக்காத இரண்டு இங்கே கிடைக்கும். ஒன்று, அமைச்சர் வர மாட்டார், துறைச் செயலரே எதிரில் உட்கார்ந்து பதில் சொல்வார். இன்னொன்று, கேமரா இல்லாததால் ஆளுங்கட்சி உறுப்பினரும் துறையைக் கடுமையாகக் கேட்பார். பட்ஜெட் தாக்கலான பிறகு மானியக் கோரிக்கைகள், அதாவது அமைச்சகங்கள் செலவுக்குக் கேட்கும் தொகைகள், இந்தக் குழுக்களுக்கு வரும். போன வருடம் ஒதுக்கியது எவ்வளவு, திருத்திய மதிப்பீட்டில் குறைத்தது எவ்வளவு, உண்மையில் செலவானது எவ்வளவு என்ற மூன்று எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். ஒதுக்கிய பணத்தில் பாதியைக்கூடச் செலவழிக்காத திட்டம் ஒன்று எப்படியும் கண்ணில் படும். அதைக் கேட்டால் போதும், செயலர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார்.

குழுவில் பேசியதை அறிக்கை தாக்கலாகும்வரை வெளியே சொல்லக் கூடாது. நிருபர்கள் வாசலிலேயே நிற்பார்கள், வணக்கம் சொல்லிவிட்டு நடங்கள். ஆய்வு உதவிக்கு நாடாளுமன்ற நூலகத்தின் ஆய்வுப் பிரிவு இருக்கிறது. உறுப்பினர் கேட்டால் பின்னணிக் குறிப்பு தயாரித்துத் தருவார்கள். இவ்வளவு நல்ல வசதியை இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோமே என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

ஒன்பதாம் படி: வெள்ளிக்கிழமை பிற்பகல்

வெள்ளிக்கிழமை மாலை விமானத்தைப் பிடிக்க எல்லோரும் பரபரப்பார்கள். அன்றைய கூட்டத்தின் கடைசி இரண்டரை மணி நேரம், அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாவுக்கும் தீர்மானத்துக்கும் உரியது, ஒரு வாரம் மசோதா, மறு வாரம் தீர்மானம். தனிநபர் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமானது கடைசியாக 1970-ல். அப்படியிருக்க எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்களிடம் இரண்டு வெள்ளிக்கிழமைகளைச் சொல்வேன்.

இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் உறுதிமொழி நமக்கெல்லாம் மனப்பாடம். அவர் அதை மக்களவையில் சொன்ன நாள் 1959 ஆகஸ்ட் 7, ஒரு வெள்ளிக்கிழமை. ஆங்கிலத்தை அரசியல் சட்டத்தின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் சேர்க்கக் கோரி பிராங்க் ஆந்தனி என்ற தனி உறுப்பினர் கொண்டுவந்த தீர்மானத்தின் விவாதத்தில்தான் அந்த வார்த்தைகள் வந்தன.

இரண்டாவது, 2015 ஏப்ரல் 24. திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா மாநிலங்களவையில் அன்று நிறைவேறியது. மக்களவையைத் தாண்டவில்லைதான். ஆனால் அரசு தானே ஒரு மசோதாவைக் கொண்டுவர வேண்டிய நிலை ஏற்பட்டது, 2019-ல் சட்டமும் வந்தது. அந்தச் சட்டத்தின் மேல் திருநர் சமூகத்துக்கு நியாயமான குறைகள் உண்டு. ஆனாலும் பேச்சைத் தொடங்கி வைத்தது அந்த வெள்ளிக்கிழமைதான்.

மசோதாவுக்கு ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும். ஐந்து வருடத்தில் ஒரே ஒரு மசோதாவாவது உருப்படியாக எழுதுங்கள். அதற்கு இரண்டு வெள்ளிக்கிழமை விமானம் போனால் போகட்டும்.

கொறடா உத்தரவு பற்றி ஒரு பத்தி

கட்சிக் கொறடாவிடமிருந்து மூன்று கோடு போட்ட, அதாவது மிகக் கண்டிப்பான, உத்தரவு வந்தால் அவையில் இருக்க வேண்டும், சொன்னபடி வாக்களிக்க வேண்டும். மீறினால் கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணைப்படி பதவி போகலாம். ஆனால் உத்தரவு கட்டுப்படுத்துவது உங்கள் வாக்கைத்தான். நீங்கள் எழுதும் கேள்வியிலும் குழுவில் கேட்கும் விளக்கத்திலும் அது வந்து உட்காராது. ஆளுங்கட்சிப் பின்வரிசைக்காரர்கள் இதை மறந்து, தங்கள் கேள்விகளையும் பாராட்டுரையாக்கிவிடுகிறார்கள். தொகுதி மேம்பாலத்துக்குக் கட்சி கிடையாது.

பத்தாம் படி: பதிலைத் துரத்துவது

பதில் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பதிலில் "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்", "கவனிக்கிறேன்" போன்ற சொற்கள் இருந்தால் அவை அரசின் உறுதிமொழியாகக் கணக்கிடப்படும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றாவிட்டால் அரசு உறுதிமொழிக் குழு அமைச்சகத்தைக் கேட்கும். உங்கள் பதில் அந்தப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ஏறவில்லையென்றால் குழுவுக்கு எழுதுங்கள். அமைச்சர் சொன்ன தகவல் தவறு என்று ஆதாரம் கிடைத்தால், சபாநாயகரின் வழிகாட்டுதல் 115-ன் கீழ் எழுத்தில் சுட்டிக்காட்டலாம். பதில் போதவில்லை என்றால் அரை மணி நேர விவாதம் கேட்கலாம். ஊர் மக்களே நேரடியாக மனு கொடுக்க விரும்பினால் மனுக்கள் குழு இருக்கிறது. தமிழில் எழுதிய மனுவோடு இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேர்த்து, உங்கள் மேலொப்பத்தோடு வைக்கலாம்.

இதற்கெல்லாம் என் அலுவலகத்தில் இருப்பது ஒரு நீளமான பதிவேடு. கேள்வி எண், தேதி, அமைச்சகம், பதிலின் சாரம், உறுதி ஏதும் உண்டா, மூன்று மாதம் முடியும் நாள், அடுத்த நோட்டீஸ் என்று ஏழு கட்டங்கள். கணினியிலும் வைக்கலாம். நான் நோட்டில்தான் எழுதுகிறேன், கூட்டத்தொடர் இல்லாத மாதங்களில் அதை எடுத்துப் புரட்டுவதற்கு வசதி.

கூட்டத்தொடர் முடிந்து ஊருக்குப் போகும்போது பதில்களைத் தமிழில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கி, கேள்வி எண்ணோடு எடுத்துக்கொண்டு போங்கள். ஊராட்சித் தலைவர், ரயில் பயணிகள் சங்கம், மீனவர் சங்கம், உள்ளூர் நிருபர் என்று யாருடைய விஷயமோ அவர் கையில் கொடுங்கள். மேலே சொன்னது போன்ற ஒரு மேம்பாலப் பதிலை ஒருமுறை ஊருக்குக் கொண்டுபோனபோது, அந்த ரயில்வே கேட் அருகில் டீக்கடை வைத்திருக்கும் பெரியவர் அதை வாங்கி, கடைசிவரை நிதானமாகப் படித்தார். நிலம் எடுப்பது பற்றிய கடிதத் தேதி இருந்த வரியில் விரல் வைத்து, "இந்த லெட்டருக்கு ஒன்பது மாசமா பதில் போடலியா? யாரு போடணும்?" என்று கேட்டார். அடுத்த வாரம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் அந்தத் தாளின் நகலோடு 40 பேர் வரிசையில் நின்றார்கள்.